மடிக்கணினியில் ஒவ்வொரு முறையும் வேறு ஸ்டாப் கோடுடன் நீலத் திரை: காரணம் ரேமா, டிரைவரா?

கேள்வி

வணக்கம். விண்டோஸ் 11 இயங்கும் என் மடிக்கணினி சில வாரங்களாக வேலையின் நடுவே நீலத் திரையைக் காட்டிவிட்டுத் தானாக மறுதொடக்கம் ஆகிறது. ஒரு முறை ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றும், அடுத்த முறை ‘ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’ என்றும், பிறகு ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’ என்றும், கணினி நின்ற காரணத்தைச் சுட்டும் ஸ்டாப் கோடு மாறிக்கொண்டே இருப்பதால், எதைப் பிடித்துக்கொண்டு தேடுவது என்று புரியவில்லை. உலாவியில் நிறையப் பக்கங்கள் திறந்திருக்கும்போதும், பெரிய சுருக்கக் கோப்புகளைப் பிரிக்கும்போதும் இது அதிகம் நேர்கிறது. சில வேளைகளில் கோப்பைப் பிரிக்கையில் சிஆர்சி பிழை (தரவு மாறியிருக்கிறது என்று சொல்லும் சரிபார்ப்புப் பிழை) என்று நின்றுவிடுகிறது. அதே கோப்பை மறுபடி பிரித்தால் ஒழுங்காகப் பிரிகிறது.

நீலத் திரை வரும்போது விண்டோஸ் பதிந்துவைக்கும் மினிடம்ப் கோப்புகளை, அவற்றைப் படித்துக் காட்டும் ப்ளூஸ்கிரீன்வியூ செயலியில் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ‘என்டிஓஎஸ்கேஆர்என்எல்.எக்ஸ்இ’ என்ற பெயரே இருக்கிறது. விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டியபோது பழுதான கோப்புகள் இருந்ததாகவும் அவை சரிசெய்யப்பட்டதாகவும் சொன்னது. ஆனால் நீலத் திரை நிற்கவில்லை. கணினியோடு வந்த 8 ஜிபி ரேமுடன், பின்னர் வாங்கிய இன்னொரு 8 ஜிபி ரேமும் உள்ளது. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதுதான் வழி என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கு முன் நான் பார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா?

முதல் பதில்

விண்டோஸை மறுபடி நிறுவும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். எஸ்எஃப்சியையும் இனி ஓட்ட வேண்டாம். நினைவகமான ரேம் பழுதாக இருந்தால், சரிசெய்வதற்காக எழுதப்படும் கோப்புகளும் அந்தப் பழுதான ரேம் வழியாகவே வட்டுக்குப் போகும். நல்ல கோப்பின் இடத்தில் கெட்ட கோப்பு எழுதப்பட வாய்ப்புண்டு. முதல் வேலையாக, தேவையான கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காப்பு நகல் ஏதேனும் இருந்தால் அதன்மேல் எழுதாமல், புதிய நகலைத் தனியாக வையுங்கள்.

‘என்டிஓஎஸ்கேஆர்என்எல்’ என்பது விண்டோஸின் கெர்னல், அதாவது அதன் மையப் பகுதி. நினைவகத்தை ஒதுக்குவதும் மீட்பதும் அதன் பொறுப்பு என்பதால், யார் கெடுத்த நினைவகமாக இருந்தாலும் கெடுதலைக் கண்டுபிடித்துக் கணினியை நிறுத்துவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். மினிடம்பில் அதன் பெயர் மட்டும் வருகிறது என்றால், உண்மையான காரணம் அந்தச் சிறிய பதிவில் பிடிபடவில்லை என்று மட்டுமே கொள்ள வேண்டும். அதை நம்பிக் கெர்னலைச் சந்தேகிப்பதில் பயனில்லை.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது கோடு மாறிக்கொண்டே இருப்பதுதான். ஒரு குறிப்பிட்ட டிரைவரில் (கெர்னலோடு சேர்ந்து இயங்கும் மென்பொருளில்) பிழை இருந்தால் அது பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே கோடுடன், ஒரே பெயருடன் விழும். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது அதைத்தான் பார்த்தோம்: எங்கு பார்த்தாலும் அதே ‘பேஜ் ஃபால்ட்’ கோடு, அதே டிரைவர். பழுதான ரேம் அப்படி நடந்துகொள்ளாது. கெட்டுப்போன அந்தச் சில முகவரிகளில் அந்த நேரத்தில் எது குடியிருக்கிறதோ, அதற்கேற்பக் கோடு மாறும். அங்கே உலாவியின் தரவு இருந்தால் உலாவி மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலின் தரவு இருந்தால் நீலத் திரை வரும். நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தில் எழுதும் மோசமான டிரைவரும் இதே போன்ற குழப்பத்தை உண்டாக்க முடியும் என்பதால் தீர்ப்பை இப்போதே சொல்லவில்லை; ஆனால் சோதனையை ரேமிலிருந்து தொடங்குவதே முறை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ‘கெர்னல்-பவர்’ 41 என்ற நிகழ்வுகளையும் ஒருமுறை பாருங்கள். கணினி முறையாக அணையவில்லை என்பதைத் தாண்டி அந்த எண் எதையும் சொல்லாது. ஆனால் அதன் விவரங்களில் ‘பக்செக்கோடு’ என்ற மதிப்பு பதின்ம எண்ணில் இருக்கும்: 26 என்றால் மெமரி மேனேஜ்மென்ட், 10 என்றால் ஐஆர்க்யூஎல், 80 என்றால் பேஜ் ஃபால்ட். அது 0 என்று இருந்தால், நீலத் திரையே பதிவாகாமல் மின்சாரம் அறுந்தோ, கணினி முற்றிலும் உறைந்தோ போயிருக்கலாம். அதைத் தேடும் பாதை வேறு.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். நான் கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது அந்த சிஆர்சி பிழைதான். வட்டில் ஒரு கோப்பு கெட்டுப்போயிருந்தால் எத்தனை முறை பிரித்தாலும் அது தோற்கும். ஒரு முறை தோற்று, அடுத்த முறை அதே கோப்பு சரியாகப் பிரிகிறது என்றால், வட்டிலிருந்து படித்த பிறகு, வழியில்தான் தரவு மாறுகிறது. அந்த வழியில் முதலில் இருப்பது ரேம். பிரிக்கும் செயலி ஒவ்வொரு பைட்டையும் கணக்குப் பார்ப்பதால் அது கண்டுகொள்கிறது. மற்ற செயலிகள் கண்டுகொள்ளாமல் போய்விடும். இதனால்தான் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஓட்டிப் பார்க்கலாம். அது பிழை காட்டினால் நம்பலாம்; காட்டாவிட்டால் ரேம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். மெம்டெஸ்ட்86 செயலியை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுக்க ஓட விடுங்கள். விண்டோஸ் இயங்காத நிலையில் நடக்கும் சோதனை என்பதால் டிரைவர்கள் மீதான சந்தேகம் இதில் குறுக்கே வராது. இதில் ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை சுழியம் மட்டுமே. ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பழுதுதான்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. பல விண்டோஸ் 11 மடிக்கணினிகளில் வட்டு, உரிமையாளருக்கே தெரியாமல், பிட்லாக்கரால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் அமைப்பில் செக்யூர் பூட் போன்றவற்றைத் தொட்டால் 48 இலக்க மீட்பு எண்ணை அது கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே கை வையுங்கள். இந்த எண் இல்லாமல் தங்கள் கோப்புகளையெல்லாம் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிழை வந்தால் ரேம்களைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். மின்கம்பியை எடுத்து, கணினியை முழுமையாக அணைத்து, உள்ளே மின்கல இணைப்பைக் கழற்றிய பிறகே ரேமைத் தொடுங்கள். ஒரு ரேமை மட்டும் ஒரு துளையில் பொருத்திச் சோதியுங்கள். பிறகு அதே துளையில் மற்றதை. பிழை ரேமோடு நகர்ந்தால் ரேம் பழுது. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே துளையில் பிழை வந்தால் மதர்போர்டு பக்கம் பார்க்க வேண்டும். தனித்தனியே இரண்டும் தேறி, சேர்த்துப் போடும்போது மட்டும் பிழை வந்தால், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

சூட்டைப் பற்றிக் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: பிராசசர் எல்லை மீறிச் சூடானால் கணினி பெரும்பாலும் நீலத் திரை காட்டாமல் சட்டென்று அணைந்துவிடும். உங்களுடையது அந்த வகையாகத் தெரியவில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ரேமும் இருந்தபோது மெம்டெஸ்ட்86 முதல் சுற்று முடிவதற்குள்ளேயே பிழைகளைக் காட்டியது. அவை எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிய முகவரிகளில் வந்தன. பின்னர் வாங்கிய ரேமில்தான் குறை இருக்கும் என்று எண்ணி முதலில் அதைத் தனியாகச் சோதித்தேன். அது இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழையும் வரவில்லை. கணினியோடு வந்த பழைய ரேமை அதே துளையில் போட்டதும் பிழைகள் திரும்பி வந்தன. இன்னொரு துளைக்கு மாற்றியும் வந்தன. இப்போது புதிய ரேம் மட்டுமே உள்ளே இருக்கிறது. இதுவரை நீலத் திரை இல்லை. இனி விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டுமா, அல்லது இப்படியே விடலாமா?

முதல் பதில் எழுதியவர்

பழுது பழைய ரேமில்தான் என்பது உறுதியாகிவிட்டது. கணினிக்கு உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால், பிழைகள் தெரியும் மெம்டெஸ்ட் அறிக்கையோடு அணுகுங்கள். நீலத் திரையின் புகைப்படத்தைவிட அந்த அறிக்கைக்கு மதிப்பு அதிகம். மாற்றாக வாங்குவதானால் இப்போதுள்ள ரேமின் வகையையும் வேகத்தையும் பார்த்து, அதற்கு இணையானதையே வாங்குங்கள்.

மறுநிறுவல் உடனே தேவையில்லை. இப்போதுதான் எஸ்எஃப்சிக்கு நேரம் வந்திருக்கிறது. நிர்வாகி உரிமையுடன் டெர்மினலைத் திறந்து, முதலில் டிஐஎஸ்எம் கட்டளையை ‘ரிஸ்டோர்ஹெல்த்’ தெரிவுடன் ஓட்டுங்கள். எஸ்எஃப்சி நல்ல கோப்புகளை எடுக்கும் களஞ்சியத்தை அது சரிசெய்யும். களஞ்சியமே கெட்டிருந்தால் எஸ்எஃப்சி கெட்டதையே மறுபடி வைக்கும். அதன் பின் எஸ்எஃப்சி, பிறகு வட்டைச் சரிபார்க்கும் ‘செக்டிஸ்க்’. இவை பழுதில்லை என்று சொன்ன பின்னும் விண்டோஸ் விசித்திரமாக நடந்துகொண்டால் மட்டும் மறுநிறுவலை எண்ணிப் பாருங்கள்.

டிரைவர் வெரிஃபையர் என்ற கருவியை யாரேனும் பரிந்துரைத்தால் இப்போது அதைத் தொட வேண்டாம். அது டிரைவர்களை வேண்டுமென்றே நெருக்கி, தவறு செய்வதைக் கையும் களவுமாகப் பிடிக்கும் கருவி. சில சமயம் கணினி தொடங்கவே முடியாமல் திரும்பத் திரும்ப நீலத் திரையில் விழும், குறைந்தபட்ச டிரைவர்களுடன் தொடங்கும் சேஃப் மோடில் போய் அதை நிறுத்த வேண்டிவரும். ரேம் தேறிய பின்னும் நீலத் திரை தொடர்ந்தால்தான் அதற்கு வேலை.

விண்டோஸைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் சொந்தக் கோப்புகள். ரேம் பழுதாக இருந்த வாரங்களில் நீங்கள் திருத்திச் சேமித்தவை, வேறு வட்டுக்கு நகலெடுத்தவை, என் சொல்கேட்டு இப்போது எடுத்த காப்பு நகல் உட்பட, எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். விண்டோஸ் கோப்பு கெட்டால் எஸ்எஃப்சி கண்டுபிடிக்கும். உங்கள் புகைப்படமோ கணக்குத் தாளோ கெட்டால் அதைச் சொல்ல எந்தக் கருவியும் இல்லை. சுருக்கக் கோப்புகளாக இருப்பவற்றுக்கு அந்தச் செயலிகளிலேயே உள்ள சோதனை வசதியைப் பயன்படுத்தலாம். கெட்டது ஏதேனும் அகப்பட்டால், பழுது தொடங்கும் முன் எடுத்த நகலிலிருந்து அதை மீட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பழைய நகலை இந்தச் சரிபார்ப்பு முடியும்வரை அழிக்க வேண்டாம்.