‘மீரா’ வைக்க முடியாது, ‘யுக்கி’க்கு நான்கு பொருள்: ஜப்பானியப் பெயர் வைக்க உதவி தேவை

நகோயாவாசி:
வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து நாள் ஆகிறது. மனைவி ஜப்பானியர், நான் மதுரைக்காரன். பிறந்த 14 நாளுக்குள் நகராட்சியில் பெயரோடு பதிய வேண்டும்.

என் அம்மா பெயர் மீரா. அதையே வைக்கலாம் என்றதும் மனைவி தயங்கினார். ஜப்பானியர் காதில் அது ‘மீர’ என்று விழும். எகிப்தியக் கல்லறையில் பதப்படுத்தி வைத்த பிணத்துக்கு இங்கே அதுதான் பெயராம். பள்ளியில் பிள்ளை கேலிக்கு ஆளாகக் கூடாது. மனம் வலித்தாலும் விட்டுவிட்டேன்.

அப்புறம் இணையப் பட்டியல் ஒன்றில் ‘யுக்கி’ பிடித்தது. பொருள் ‘பனி’ என்று போட்டிருந்தது. மாமியாரிடம் சொன்னேன். “எந்த யுக்கி?” என்று கேட்டு, தாளில் நான்கு விதமாக எழுதிக் காட்டினார். ஒன்றில்தான் பனி இருந்தது. அப்படியானால் பெயருக்குப் பொருளை எங்கே பார்ப்பது? தமிழ்க் காதுக்கும் ஒத்துவரும் பெயர் உண்டா?

ஒசாக்கா அக்கா:
வாழ்த்துகள் தம்பி! உங்கள் மாமியார் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பொருள் ஒலியில் இல்லை, ‘கஞ்சி’ எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்தில் இருக்கிறது. நமக்கு ‘மலர்விழி’ என்று காதில் விழுந்ததுமே பொருள் வந்துவிடும். இங்கே ‘யுக்கி’ என்று கேட்டால் பெயர் மட்டும்தான் தெரியும். பனி என்ற எழுத்தில் எழுதினால் பனி, இன்பம் என்ற எழுத்தில் எழுதினால் இன்பம். ஜான் லெனனின் மனைவி யோக்கோ ஓனோவின் பெயரில் இருப்பது பெருங்கடல். அதே ஒலியுள்ள இன்னொரு யோக்கோவின் பெயரில் வெயில் இருக்கும். அதனால்தான் இங்குள்ளவர்கள் தொலைபேசியில் பெயர் சொல்லும்போது, “பனி என்று எழுதும் யுக்கி” என்று எழுத்தையும் சேர்த்துச் சொல்வார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ‘பெரிய’, ‘பறந்து உயர்தல்’ என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து ஒரு வீட்டில் ஹிரோத்தோ என்பார்கள், இன்னொரு வீட்டில் ஹருத்தோ என்பார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியை உறுதியாகச் சொல்ல முடியாது. எழுத்தைக் காட்டாமல் பொருள் மட்டும் போடும் பட்டியலை நம்பவே நம்பாதீர்கள்.

கோபேக்காரன்:
பதிவு பற்றிச் சொல்கிறேன். எந்த கஞ்சியையும் எடுத்துவிட முடியாது. பொதுப் பயன்பாட்டு எழுத்து 2,136, அதோடு பெயருக்கென்று அனுமதித்த தனிப் பட்டியல். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 3,000. ஹிரகானா, கத்தகானா என்ற ஒலியெழுத்துகளிலும் எழுதலாம். ஆங்கில எழுத்து கூடாது. 2025 மே 26 முதல் பெயரை எப்படி வாசிப்பது என்பதும் குடும்பப் பதிவேட்டில் ஏறுகிறது, வாசிப்பு எழுத்துக்குப் பொருந்த வேண்டும்.

எழுத்து பட்டியலில் இருந்தாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். 1993-இல் டோக்கியோ மாநிலத்தின் அக்கிஷிமா நகரில் ஒருவர் மகனுக்கு ‘அக்குமா’, அதாவது சாத்தான், என்று பெயர் கொடுத்தார். எழுத்துகள் அனுமதி பெற்றவைதான். ஆனாலும் நகராட்சி ஏற்க மறுத்து, விஷயம் நீதிமன்றம் வரை போனது.

நெடிலையும் கவனியுங்கள். ‘யுக்கி’ வேறு, ‘யூக்கி’ வேறு. இரண்டாவதைத் துணிவு என்ற பொருளில் எழுதலாம். கடவுச்சீட்டின் ஆங்கில எழுத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். தமிழில் எழுதினால் அந்தக் குழப்பமே இல்லை, உங்கள் அம்மாவுக்குத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள்.

இரு மொழிக்கும் பொருந்துவது என்றால் ‘மாயா’வைப் பாருங்கள். புத்தரின் தாய் மாயாதேவியின் பெயர்தான். எங்கள் கோபேயில் அவர் பெயரில் ஒரு மலையே இருக்கிறது.

ஒசாக்கா அக்கா:
மாயா நல்ல பெயர், ஆனால் தமிழ்ச் சொந்தங்களுக்கு ‘மாயை’ நினைவு வரும். எனக்குப் பிடித்தது ‘ருரி’. அது நம் வைடூரியம் தம்பி! பாலி மொழியில் வேளுரிய. பௌத்த நூல்கள் சீனத்துக்குப் போனபோது அந்த ஒலியைச் சீன எழுத்தில் எழுதினார்கள். முன்னெழுத்து உதிர்ந்து, மிச்சம் ஜப்பானுக்கு வந்து ருரி ஆனது. நமக்கு வைடூரியம் பூனைக்கண் கல், இங்கே ஆழ்ந்த நீலக் கல். இரண்டு எழுத்துமே பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன.

நகோயாவாசி:
அக்கா, நன்றி. மனைவிக்கு முதலிலேயே பிடித்த பெயர்களில் ருரியும் ஒன்றாம், சொல்லத் தயங்கியிருக்கிறார். மாமியார் அந்த இரண்டு எழுத்துகளையும் எழுதத் தேவையான கோடுகளை எண்ணினார்: 14-உம் 15-உம், மொத்தம் 29. குடும்பப் பெயரோடு கூட்டிப் பலன் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எங்கள் ஊர் எண்கணிதம் மாதிரியேதான். அம்மாவிடம் “வைடூரியம்” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “ரு குறில்தானே?” என்று கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாளை காலை பதியப் போகிறோம்.