சாசனத்தை மீறிய அதிபரை ராணுவம் நாடு கடத்தினால் அதற்கு என்ன பெயர்? (ஹோண்டுராஸ், 2009)

மழைக்காகம்:

அரசியல் அறிவியல் முதலாண்டு படிக்கிறேன். அதிபர் பதவிக்கால வரம்பைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸைத் தேர்ந்தெடுத்தேன். எடுத்த பிறகுதான் தலை சுற்றுகிறது.

அந்த நாட்டின் 1982ஆம் ஆண்டு அரசியல் சாசனப்படி அன்றைக்கு ஒருவர் ஒரு முறைதான் அதிபராக இருக்க முடியும். 239ஆவது பிரிவு இதற்கும் ஒரு படி மேலே போனது. இந்த விதியை மாற்றலாம் என்று முன்மொழிந்தாலே போதும், வகிக்கும் பதவி உடனே போய்விடும். 10 ஆண்டுகளுக்கு எந்த அரசுப் பதவிக்கும் வர முடியாது. அதிபர் மானுவல் செலாயா, புதிய சாசனம் எழுத ஒரு மன்றத்தைக் கூட்டும் வேலையில் இறங்கினார். அதற்காக 2009 ஜூன் 28 அன்று மக்களிடம் கருத்துக் கேட்கப் போவதாக அறிவித்தார். நீதிமன்றம் கூடாது என்றது. அவர் கேட்கவில்லை. ஒத்துழைக்க மறுத்த தளபதியை நீக்கினார். மறுநாளே உச்ச நீதிமன்றம் தளபதியை மீண்டும் பதவியில் அமர்த்தியது. விமானப்படைத் தளத்தில் வைத்திருந்த வாக்குச்சீட்டுகளை, ஆதரவாளர்களைக் கூட்டிக்கொண்டு போய் அதிபரே எடுத்து வந்தார்.

அப்படியென்றால் தவறு அவர் பக்கம்தானே? பிறகு ஏன் அமெரிக்காவும் வெனிசுவேலாவும்கூட ஒரே குரலில் அவரை நீக்கியதைக் கண்டித்தன? பதவிக்கால வரம்பைக் காப்பாற்றிய நாட்டை ஜனநாயகத்தின் பெயரால் ஒதுக்கி வைத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிழக்கு ஜன்னல்:

உங்கள் சந்தேகம் சரியானதுதான். காங்கிரஸ் (அந்த நாட்டின் நாடாளுமன்றம்), உச்ச நீதிமன்றம், செலாயாவின் சொந்த லிபரல் கட்சியில் பெரும்பகுதி, எல்லாம் அவருக்கு எதிராக நின்றன. அவருக்குப் பின் அமர்ந்த மிச்செலெட்டியும் அதே கட்சிக்காரர், காங்கிரஸின் தலைவர். தளபதி யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. நவம்பர் 29 தேர்தல் குறித்த நாளில் நடந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் வெனிசுவேலா அதிபர் சாவேஸ் வாக்கெடுப்பு நடத்தித் தன் நாட்டில் பதவிக்கால வரம்பையே எடுத்திருந்தார். அதைப் பார்த்தவர்களுக்குப் பயம் வராதா? வெளியே இருந்து தீர்ப்புச் சொன்னவர்கள் அந்தப் பயத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

பழைய வாத்தியார்:

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு வழக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செலாயா சட்டத்தை மீறினாரா என்பது ஒன்று. அவரை நீக்கிய விதம் சட்டப்படியானதா என்பது இன்னொன்று. முதல் வழக்கில் நான் அவருக்காக வாதாட மாட்டேன். நீதிமன்றம் தடுத்த பிறகும் சீட்டுகளை எடுத்து வந்தது தவறு. உலகம் கண்டித்தது இரண்டாவதை.

ஜூன் 28 விடியற்காலையில் நடந்ததைப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் கொடுத்தது கைது ஆணை. கைது என்றால் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். ராணுவம் வீட்டுக்குள் புகுந்து, இரவு உடையோடு அவரை விமானத்தில் ஏற்றி, கோஸ்டாரிகாவில் இறக்கிவிட்டது. அதே சாசனத்தின் 102ஆவது பிரிவு எந்தக் குடிமகனையும் நாடு கடத்தக் கூடாது என்கிறது. 239ஐ வாசித்தவர்கள் 102ஐ ஏன் வாசிக்கவில்லை? அந்த ராணுவத்தின் சட்ட ஆலோசகரே, அவரை வெளியேற்றியதில் சட்டம் மீறப்பட்டது என்று பிறகு ஒரு பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார்.

அன்றே காங்கிரஸில் ஒரு ராஜினாமாக் கடிதம் வாசிக்கப்பட்டது. ஜூன் 25 தேதியிட்டது, அடியில் செலாயாவின் கையெழுத்து. கோஸ்டாரிகாவின் தலைநகர் சான் ஹோசேயில் நின்றுகொண்டு அவர் சொன்னார், நான் அப்படி எதுவும் எழுதவில்லை என்று. எனக்கு இந்தக் கடிதம்தான் எல்லாவற்றுக்கும் சாட்சி. 239ஆவது பிரிவின்படி பதவி தானாகவே போயிருந்தால் கடிதம் எதற்கு? அந்தப் பிரிவின்படி அவர் பதவி இழந்தார் என்று எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் அந்தக் கேள்வித்தாள். நவம்பர் தேர்தலில் அதிபருக்கு, காங்கிரஸுக்கு, நகராட்சிக்கு என மூன்று பெட்டிகள். நான்காவதாக ஒரு பெட்டி வைத்து, சாசன மன்றம் வேண்டுமா என்று கேட்கலாமா என்பதுதான் கேள்வி. மறுதேர்தல் என்ற வார்த்தையே அதில் கிடையாது. அதே நவம்பரில் புதிய அதிபர் தேர்வாகிவிடுவார். செலாயா வேட்பாளரும் அல்ல. 2010 ஜனவரி 27 அன்று அவர் இறங்கியே ஆக வேண்டும். அவர் மனதில் என்ன இருந்தது என்று சந்தேகப்படலாம். சந்தேகத்துக்காக ஒருவரை விமானத்தில் ஏற்ற முடியாது.

மழைக்காகம்:

நன்றி ஐயா. கடித விஷயம் எனக்குத் தெரியாது. வெளிநாடுகள் எந்த அடிப்படையில் தலையிட்டன என்பதையும் சொல்ல முடியுமா?

பழைய வாத்தியார்:

வட, தென் அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பான அமெரிக்க நாடுகள் அமைப்பு 2001இல் ஒரு ஜனநாயகப் பட்டயம் ஏற்றது. உறுப்பு நாட்டில் ஜனநாயக ஒழுங்கு முறிந்தால் அந்த நாட்டை இடைநிறுத்தலாம் என்று அதில் இருக்கிறது. ஹோண்டுராஸும் ஏற்றுக்கொண்ட பட்டயம் அது. 2009 ஜூலை 4 அன்று 33 நாடுகள் ஒருமனதாக இடைநிறுத்தின. அந்த விதி பயன்படுத்தப்பட்டது அதுவே முதல் முறை.

ஆனால் எல்லாரும் ஒரே அளவு உறுதியாக நிற்கவில்லை. இதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை ராணுவம் கவிழ்த்தால் உதவியை நிறுத்த வேண்டும். ஒபாமா மறுநாளே அது சட்டவிரோதம் என்று பேசினார். உதவியில் ஒரு பகுதியும் நிறுத்தப்பட்டது. ஆனால் 'ராணுவக் கவிழ்ப்பு' என்ற அந்த முத்திரையை வெளியுறவுத் துறை கடைசி வரை குத்தவில்லை. அவர்களுடைய தூதரே ஜூலையில் அனுப்பிய தந்தியில், இது சாசனத்துக்குப் புறம்பான கவிழ்ப்பு, சந்தேகமே இல்லை என்று எழுதியிருந்தார். பிற்பாடு அது கசிந்து வெளிவந்தது.

ஜூலை 5 அன்று செலாயாவின் விமானம் தலைநகர் தெகுசிகல்பாவுக்கு மேலே வட்டமிட்டது. ஓடுதளத்தில் ராணுவ வண்டிகளை நிறுத்தி இறங்க விடாமல் செய்தார்கள். வரவேற்க வந்த கூட்டத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் சுடப்பட்டுச் செத்தான். வரம்பைக் காத்தார்கள் என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கிழக்கு ஜன்னல்:

நாடு கடத்தியது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதிபரைப் பதவி நீக்கும் தெளிவான நடைமுறை அன்றைக்கு அந்தச் சாசனத்தில் இல்லையே. அவர்கள் வேறு என்னதான் செய்திருக்க முடியும்?

பழைய வாத்தியார்:

நல்ல கேள்வி. அந்த ஓட்டை நிஜம், 2013இல்தான் அடைத்தார்கள். ஆனாலும் கைது செய்து வழக்கு நடத்தத் தடை எதுவும் இருக்கவில்லை. ஆணை கையில் இருந்தது.

வரம்பைக் காப்பாற்றினார்கள் என்கிறீர்கள். அந்த வரம்பின் மிச்சக் கதையையும் கேளுங்கள். 2012 டிசம்பரில் காங்கிரஸ் ஓர் இரவில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வின் ஐந்து நீதிபதிகளில் நால்வரை நீக்கியது. அப்போது காங்கிரஸின் தலைவர் ஹுவான் ஓர்லாண்டோ எர்னாண்டஸ். 2014இல் அவர் அதிபரானார். 2015 ஏப்ரலில், புதியவர்கள் அமர்ந்த அதே அமர்வு, மறுதேர்தல் தடை செல்லாது என்றது. 2017இல் எர்னாண்டஸ் மீண்டும் போட்டியிட்டார். வாக்கு எண்ணிக்கையில் அத்தனை குளறுபடி. அமெரிக்க நாடுகள் அமைப்பின் செயலர் தேர்தலையே திரும்ப நடத்தச் சொன்னார். அமெரிக்கா எர்னாண்டஸின் வெற்றியை ஏற்றுக்கொண்டது.

இந்த முறை இடைநிறுத்தம் இல்லை. விமானம் இல்லை, இரவு உடையில் யாரும் இழுத்துச் செல்லப்படவில்லை, கையில் ஒரு தீர்ப்பு இருந்தது. 2009இல் ஒரு கேள்வித்தாளுக்காக அதிபரை வெளியேற்றிய நாட்டில், 239ஆவது பிரிவு அப்படித்தான் போனது.

மழைக்காகம்:

2012 டிசம்பர் இரவைப் பற்றி என் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. 2009ஐப் பாதியாகக் குறைத்துவிட்டு, அங்கிருந்து 2017 வரை திரும்ப எழுதப் போகிறேன். வெள்ளிக்கிழமை பேசி முடித்ததும் இங்கேயே வந்து சொல்கிறேன்.