293318625600-க்கு 5040 காரணி எப்படி வருது?

பாபநாசம் நெல்கடை:
வணக்கம், என் பொண்ணு பத்தாவது படிக்குது, ஸ்கூல்ல கும்பகோணம் சாரங்கபாணி சன்னதி தெருவுல ராமானுஜன் வீட்டுக்கு கூட்டிட்டு போயிருக்காங்க, வந்ததுலேர்ந்து ஒரே கேள்வி. அவரு 1915ல ஹைலி காம்போசிட் நம்பர் பத்தி எழுதுனாராம், அதாவது தனக்கு முன்னாடி இருக்குற எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு காரணி உள்ள எண்ணு. அவரு போட்ட பட்டியல்ல ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சாம், அதான் மேல இருக்குறது. 5040 காரணிய ஒவ்வொண்ணா எழுதியா பாக்குறது?

மன்னார்குடி வாத்தியார்:
எழுத வேணாம் தம்பி. பகா காரணியா பிரிங்க, 2 ஆறு தடவ, 3 நாலு தடவ, 5 ரெண்டு, 7 ரெண்டு, 11 13 17 19 ஒவ்வொரு தடவ. ஒரு காரணிக்குள்ள 2 ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம், ஆறு வரைக்கும் இருக்கலாம், ஆக 7 வழி. அதே மாதிரி 3-க்கு 5, அப்படியே 7×5×3×3×2×2×2×2 பெருக்குங்க, 5040. இந்த 5040-ம் அதே ஜாதி எண்ணுதான், அதுக்கு 60 காரணி, எனக்கு இது ரொம்ப புடிக்கும்.

அரசலாறு:
அண்ணே உங்களுக்கு தெரியாததா, நெல் அளவுல 12 மரக்கா ஒரு கலம், அர கலம் கா கலம் மூணுல ஒண்ணுன்னு எப்படி பிரிச்சாலும் முழு மரக்காலா வரும்ல, 12-ம் இந்த பட்டியல்ல உள்ளதுதான். அப்புறம் பாருங்க 6,4,2,2,1,1,1,1 இறங்கிட்டே வருது, ஏறவே ஏறாது. 5 ரெண்டு 7 மூணுன்னு இருந்தா மாத்தி போட்டுட்டா போதும், காரணி எண்ணிக்க அதேதான் ஆனா எண்ணு சின்னதாயிடும். ராமானுஜன் பட்டியல்ல கடைசி எண்ணு 6746328388800, அத 23-ஆல வகுக்க சொல்லுங்க பாப்பாவ.

பாபநாசம் நெல்கடை:
வகுத்துட்டா!! மீதி இல்லாம விட்டுப்போன எண்ணே வந்துச்சு, நோட்ட தூக்கிட்டு கடைக்கே ஓடியாந்துட்டா. இப்ப அந்த கடைசி எண்ண 29-ஆல பெருக்குனாலும் இதே ஜாதி எண்ணு வருமா, விட்டுப்போன எண்ண 19-ஆல வகுத்து கீழ போனா வருமாங்குறா.

மன்னார்குடி வாத்தியார்:
நல்ல கேள்வி. மேல வரும், 195643523275200, காரணி 20160. கீழ வராது, 15437822400-க்கு 2520 காரணிதான், அத விட சின்ன 13967553600-க்கே 2688 இருக்கு. 13967553600-ஐ அவளையே பிரிச்சு பாக்க சொல்லுங்க, 7 ஒரு தடவதான் வரும், அங்கதான் விஷயம்.