எல்இடி, அஞ்சு ஸ்டார் எல்லாம் வந்தும் மின்தேவை ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

வேப்பமரத்தடி:
எங்கள் தெருவில் குண்டு பல்பைப் பார்த்தே பல வருடம் ஆகிறது. எல்லா வீட்டிலும் எல்இடி, அஞ்சு ஸ்டார் ஃபிரிட்ஜ், நாலைந்து மாடிகளில் சோலார் வேறு. ஆனாலும் போன கோடையில் ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு டிரான்ஸ்ஃபார்மரில் பீஸ் போய், தெருவே வாசலில் பாயைப் போட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 2024 மே 30 அன்று நாட்டின் உச்ச மின்தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது என்று படித்தேன். மிச்சம் பிடிக்கிற சாமான் இத்தனை வந்தும் தேவை ஏன் குறையவில்லை, இது எங்கே போய் நிற்கும்?

பழைய ஆபரேட்டர்:
தம்பி, சப்ஸ்டேஷனில் ஷிஃப்ட் பார்த்தே ரிட்டயர் ஆனவன் நான். சேர்ந்த புதிதில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு லோடு ஏறும், பத்து மணிக்கு இறங்கிவிடும், நாங்களும் நிம்மதியாக டீ குடிப்போம். கடைசிக் கோடைகளில் பதினொன்றரைக்கும் மீட்டர் முள் இறங்கவில்லை. எல்லாம் ஏசிதான். பத்து 60 வாட் பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்இடி போட்டால் மிச்சம் சுமார் 500 வாட், ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் 1,500 வாட் போய்விடும். நாட்டில் வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல் ஏசி விற்கிறது. ஒரு கோடி ஏசி ஒரே நேரத்தில் சராசரி ஒரு கிலோவாட் இழுத்தால் 10,000 மெகாவாட், அதாவது கூடங்குளத்தில் இப்போது ஓடுகிற இரண்டு உலையைப் போல ஐந்து மடங்கு. இத்தனைக்கும் பத்தில் ஒரு வீட்டில்தான் ஏசியே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
சார் சொன்னது சரி, ஆனால் ஏசி வாங்குகிறவனைக் குற்றவாளியாக்க வேண்டாம். நம் நாட்டில் ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 1,400 யூனிட், உலக சராசரி அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்காவில் பதினைந்து வருடம் போலத் தேவை ஏறாமல் கிடந்தது, இப்போது டேட்டா சென்டர் வந்து கிளப்பிவிட்டிருக்கிறது. 2024-ல் உலகத்து டேட்டா சென்டர்கள் இழுத்தது 41,500 கோடி யூனிட், 2030-ல் அது 94,500 கோடி ஆகும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணிப்பு. ஜப்பான் முழுக்க இன்று செலவழிப்பதை விடவே கொஞ்சம் அதிகம். நம் சிறுசேரி, அம்பத்தூர் பக்கமும் டேட்டா சென்டர் இருக்கிறது, ராத்திரி பகல் பார்க்காமல் இழுக்கும்.

ஆரல்வாய்மொழிக்காரன்:
யூனிட் எத்தனை என்பதைவிட எந்த நேரத்து யூனிட் என்பதுதான் பிரச்சினை, அதை யாரும் பேசவில்லையே. தமிழ்நாட்டின் உச்சம் 20,830 மெகாவாட், 2024 மே 2, பிற்பகல். அந்த நேரத்துக்கு சோலார் கைகொடுக்கும். ஆறு மணிக்கு மேல் அது படுத்துவிடும், எங்கள் ஊர்க் காற்றாலைகளுக்கும் மே கடைசியில்தான் காற்று பிடிக்கும், ஏப்ரல் ராத்திரிக்கு யார் இருக்கிறார்கள்? நிலக்கரிதான். பகலில் மிஞ்சுகிற கரண்டில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, ராத்திரி இறக்கி டர்பைனைச் சுற்றலாம். ஆனைமலையில் காடம்பாறை 400 மெகாவாட் அப்படித்தான் ஓடுகிறது, நீலகிரியில் குந்தா 500 மெகாவாட்டுக்குக் கட்டுகிறார்கள். இந்த மாதிரி பத்து வேண்டும், இல்லையென்றால் ஊர் முழுக்க பேட்டரி வேண்டும். வரப்போகிற பத்து வருடத்துச் சண்டை இதில்தான்.

வேப்பமரத்தடி:
புரிகிறது அண்ணே. சரி, காடம்பாறை இருக்கட்டும், எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு என்ன வழி?

பழைய ஆபரேட்டர்:
வீட்டுக்கு இத்தனை கிலோவாட் என்று எழுதிக் கொடுத்த கணக்கை வைத்துத்தான் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பார்கள். இரண்டு ஏசி மாட்டிவிட்டு லோடை ஏற்றி எழுதிக் கொடுக்காவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்? மாடிச் சுவரில் வெளி யூனிட் எத்தனை தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள், அத்தனை வீட்டிலும் கேளுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பும் அடியுங்கள், தளத்துச் சூடு இறங்கினால் ஏசி சீக்கிரம் ஓயும்.

வேப்பமரத்தடி:
எண்ணிவிட்டேன் சார். 23 யூனிட் தொங்குகிறது, லோடு ஏற்றி எழுதிக் கொடுத்தது நாலு வீடு. கொடுக்காத வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று, திங்கட்கிழமை போகிறேன்.