பெல்லட் கிரில் ஸ்டார்ட் பண்ணதும் டெம்பரேச்சர் எகிறுதா? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஹூஸ்டன்ல இருந்து:

நண்பர்களே, பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) போடறதுக்காக காலைல சீக்கிரமே எந்திரிச்சு, மரத்தூள அழுத்தி செஞ்ச பெல்லட் துண்டுகள எரிச்சு சமைக்கற என் கிரில்ல ஆன் பண்ணி 225 டிகிரி ஃபாரன்ஹீட் செட் பண்ணி வெச்சா, கால் மணி நேரத்துல டிஸ்ப்ளே 350-ஐ தாண்டிருச்சு, ஒரு மணி நேரம் ஆகியும் இறங்கவே மாட்டேங்குது. கேட்டவங்க எல்லாரும் கன்ட்ரோலர் போயிருச்சு, புதுசு வாங்கிப் போடுன்னாங்க. காச செலவு பண்றதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவ பாத்துரலாம்னு, நல்லா ஆறவிட்டு கிரேட், டிரிப் ட்ரே, அதுக்குக் கீழ சூட்ட பரப்பற தகடான ஹீட் பேஃபிள் எல்லாத்தையும் எடுத்துட்டு டார்ச் அடிச்சேன். பெல்லட் எரியற சின்னக் கிண்ணமான ஃபயர் பாட்ல அடிப்பக்கம் இருக்கற காத்து ஓட்டை எல்லாம் சாம்பல்ல அடைச்சுக் கிடக்கு, அது மேல பாதி எரிஞ்சு கரியான பெல்லட் கெட்டியா உக்காந்திருக்கு. முந்தின தடவ சமைச்சுட்டு இருக்கும்போது இடி மழைல கரண்ட் போச்சு, ஃபேன் பாதிலயே நின்னுருச்சு, அப்ப எரியாம தங்குனது தான் அது.

இத நல்லா புரிஞ்சுக்கணும்னு ஆசைப்படறேன், ஏன்னா நிறைய பேர் இந்த இடத்துல தான் தேவையில்லாம பார்ட்ஸ் மாத்தறாங்க. ஸ்டார்ட் ஆகும்போது நீங்க செட் பண்ண 225-க்கும் அங்க நடக்கறதுக்கும் பெருசா சம்பந்தமே கிடையாது. ஆகர்ங்கற திருகுக் கம்பி சுத்தி பெல்லட்ட கொண்டு வந்து பாட்ல கொட்டும், இக்னைட்டர் ராடு பழுத்து அத பத்த வெக்கும், ஃபேன் காத்து குடுக்கும். பத்திக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு குவிஞ்சிருக்கோ அவ்வளவும் ஒண்ணா எரியும், அது எரிஞ்சு தீர்ற வரைக்கும் கன்ட்ரோலரால அத திருப்பி எடுக்க முடியாது. அதனால 20, 30 டிகிரி மேல போய் அர மணி நேரத்துல இறங்கிருச்சுன்னா அது பழுதே இல்ல, விட்டுருங்க. நூறு டிகிரிக்கு மேல போய் அங்கயே நின்னா குவியல் எங்கருந்து வருதுன்னு தேடணும். வேற வேற காரணத்தால ஆனவங்க எழுதுங்க.

நியூ ஜெர்சியிலிருந்து:

ப்ரோ, எனக்கு ஃபயர் பாட் சுத்தமா இருந்தும் இதே கதை. ஆன் பண்ணா ரொம்ப நேரம் தீயே பிடிக்காது, மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை மட்டும் மூடி இடுக்கு வழியா தள்ளிட்டு வரும், அப்புறம் திடீர்னு டப்புன்னு சத்தம், மூடியே ஒரு செகண்ட் தூக்கிருச்சு. அதுக்கப்புறம் டெம்பரேச்சர் நிக்காம ஏறுது. கடைசில பாத்தா இக்னைட்டர் ராடு ஸ்க்ரூ லூசாகி பின்னாடி நழுவியிருக்கு. நுனி கொஞ்சம் பாட்டுக்குள்ள நீட்டிட்டு இருக்கணும், இல்லன்னா பெல்லட்ட நேரா தொடாது, பத்த வைக்க நேரமாகும், அதுக்குள்ள ஆகர் கொட்டிட்டே இருக்கும். மல்டிமீட்டர் இருக்கறவங்க பிளக்க கழட்டிட்டு ராடோட ஓம்ஸ் பாருங்க, 120 வோல்ட்ல 200 வாட்ஸ் ராடுன்னா 70 ஓம்ஸ் பக்கம் காட்டணும், ஒண்ணுமே காட்டலன்னா ராடு போச்சு.

தயவுசெஞ்சு ஒண்ணு மட்டும் கேளுங்க, அடர்த்தியா புகை வந்து தீ பிடிக்காம இருந்தா அது மேல குனிஞ்சு மூடிய தொறக்காதீங்க. உள்ள நிக்கற புகைக்கு காத்து கிடைச்சா குப்புன்னு பத்திக்கும். ஆஃப் பண்ணிட்டு தள்ளி நில்லுங்க, முழுசா ஆறுனதும் பாட்ட காலி பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. பக்கத்துல குழந்தைங்க விளையாடற வீடுன்னா இத கட்டாயம் ஞாபகம் வெச்சுக்கணும்.

டொராண்டோவிலிருந்து:

அண்ணை, எனக்குப் பிரச்சினை தந்தது பெல்லட் தான். மழை நேரம் ஹாப்பருக்குள்ள (பெல்லட் கொட்டி வைக்கிற பெட்டி) கிடந்து ஈரம் பிடிச்சு உப்பி, கையால நசுக்கினா மாவாப் போகுது. நல்ல பெல்லட் எண்டா டக்கெண்டு முறியும், பளபளப்பா இருக்கும். அந்தத் தூள் பாட்டுக்க விழுந்தா ஒண்டில் தீயை அமத்தும், இல்லாட்டி ஒரேயடியாப் பத்தி ஏறும். நான் 107 செல்சியஸ் வைச்சா 170 மட்டும் போகும், பிறகு விழும், திரும்ப ஏறும். ஹாப்பரை முழுக்கக் காலி பண்ணி, அடியில கிடந்த தூளை வாக்யூம் பண்ணி, புதுப் பை உடைச்சுப் போட்ட பிறகு தான் ஒழுங்கா நிண்டது. இப்ப மிச்சப் பெல்லட்டை மூடி இறுக்கின வாளிக்குள்ள போட்டு வீட்டுக்குள்ள தான் வைக்கிறனான். சாம்பலை வாக்யூம் பண்ணேக்க கவனம், நேற்று எரிச்ச சாம்பலுக்குள்ளயும் தணல் இருக்கும், வாக்யூமே பத்திடும்.

மினசோட்டாவிலிருந்து:

என்னோடது பழைய மாடல், சூட்டப் பாத்து பெல்லட் அளவ தானா சரி பண்ற பிஐடி கன்ட்ரோலர் கிடையாது, ஆகர் எவ்வளவு நேரம் நிக்கணும்னு நாமளே செட் பண்ற பி நம்பர் வெச்சு தான் ஓட்டணும். இங்க குளிர்காலத்துல பி நம்பர குறைச்சு வெச்சிருப்போம், அப்ப தான் ஆகர் அடிக்கடி சுத்தி சூடு நிக்கும். அதே நம்பர வெயில் காலத்துலயும் விட்டா 225-ல நிக்கவே நிக்காது. நம்பர ஏத்துனா ஆகர் நிக்கற இடைவெளி கூடும், டெம்பரேச்சர் இறங்கும். ஒவ்வொரு நம்பரா ஏத்தி அர மணி நேரம் விட்டுப் பாருங்க, ஒரேயடியா ஏத்திட்டா தீயே அணைஞ்சிரும்.

இன்னொண்ணு, உள்பக்கம் நீட்டிட்டு இருக்கற டெம்பரேச்சர் புரோப். எண்ணெய்ப் புகை படிஞ்சு கருப்பா மொத்தமா இருந்தா சூட்ட லேட்டா தான் சொல்லும், அதுக்குள்ள கன்ட்ரோலர் இன்னும் பெல்லட்ட தள்ளிரும். வினிகர்ல துணிய நனைச்சு மெதுவா துடைச்சா போதும், இழுத்து வளைச்சிராதீங்க. எகிறுதேன்னு பதறிப் போய் மூடிய தொறந்து தொறந்து பாக்கறதும் இதே மாதிரி தான், குளிர் காத்து புரோப் மேல பட்டதும் சூடு பத்தலன்னு நினைச்சு இன்னும் கொட்டும்.

மறுபடியும் ஹூஸ்டன்ல இருந்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாட்ட சுரண்டி சுத்தம் பண்ணேன், ஹீட் பேஃபிள் நேரா உக்காந்திருக்கான்னும் பாத்தேன், அது கொஞ்சம் விலகுனாலும் சூடு ஒரு பக்கமா போய் புரோப் தப்பா காட்டும். புரோபையும் துடைச்சுட்டேன். இப்ப ஸ்டார்ட் ஆகும்போது 260 வரைக்கும் போய்ட்டு இருபது நிமிஷத்துல 225-க்கு வந்துருது, அது நின்ன பிறகு தான் இறைச்சிய வைக்கறேன். கரண்ட் போனா அடுத்த தடவ பாட்ட பாக்காம ஆன் பண்றதில்ல. சாதாரண நாள்லயும் ஷட்டவுன் சைக்கிள் முடிஞ்சு ஃபேன் தானா நிக்கற வரைக்கும் பிளக்க பிடுங்க விடறதில்ல.

மூடிய தொறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணணுமா, மூடி வெச்சான்னு இன்பாக்ஸ்ல கேட்டிருந்தாங்க. அது மாடலுக்கு மாடல் மாறும், பழசு நிறைய தொறந்து வெச்சு தான், புதுசுல பல மாடல் மூடியே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுது. உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அத செய்ங்க, எகிறல் அப்பவும் இருந்தா பாட் உள்பக்கம் ஒரு ஃபோட்டோ எடுத்து இங்க போடுங்க, சேந்து பாத்துரலாம்.