விண்டோஸ் 7 மறுபடியும் எங்கே கிடைக்கும்? பழைய பேஜ்மேக்கர் கோப்புகள் நிற்கின்றன

திருமங்கலம் அச்சகம்

வணக்கம். திருமங்கலத்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறோம். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா பத்திரிகைதான் முக்கிய வேலை. வெற்று அட்டை சிவகாசியிலிருந்து வரும், எழுத்துக் கோர்ப்பதும் அச்சடிப்பதும் இங்கே. விண்டோஸ் 7 புரொபஷனல் 32 பிட், அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, கூடவே ஒரு பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள். அதற்கு யுஎஸ்பியில் செருகும் டாங்கிள் உண்டு. செருகினால்தான் தமிழ் அடிக்க முடியும்.

கரண்ட் போய் வந்ததில் மதர்போர்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது, வேறு கணினியில் மாட்டினால் கோப்புகள் தெரிகின்றன. அவசரத்துக்குப் புதிதாக 12ஆம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 11 புரோவோடு வாங்கினேன். அதில் டாங்கிளை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஏற மறுக்கிறது.

எங்களுக்குப் பழைய கோப்புதான் மூலதனம். அக்கா கல்யாணத்துக்கு அடித்ததை எடுத்துத்தான் தம்பி கல்யாணத்துக்கு மாற்றுவோம். தாத்தா பாட்டி, தாய்மாமன்மார், பங்காளிகள், யார் பெயருக்கு முன்னால் யார் வரவேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. அந்த வரிசை தப்பினால் சொந்தத்துக்குள் மனத்தாங்கல் வந்துவிடும். முகூர்த்த வேலைகள் கையில் நிற்கின்றன.

மதுரையில் ஒருவர் விண்டோஸ் 7-ஐப் பென் டிரைவில் தருகிறேன், கீ (உரிம எண்) எதுவும் தேவையில்லை என்கிறார். வாங்கலாமா?

சிம்மக்கல் சர்வீஸ்

அண்ணே, வாங்காதீங்க. கீ தேவையில்லை என்றால் உரிமத்தைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷனை உடைத்த பதிப்பு என்று அர்த்தம். உடைத்தவர் உள்ளே வேறு எதை வைத்தார் என்று நீங்களும் பார்க்க முடியாது, விற்கிறவரும் பார்த்திருக்க மாட்டார். ஊர்ப்பட்ட பேருடைய பெயர், முகவரி, போன் நம்பர் உங்கள் கணினியில் இருக்கிறது.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதை இன்ஸ்டால் செய்ய உதவும் ஐஎஸ்ஓ கோப்பை மைக்ரோசாஃப்ட் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது.

இரண்டு விஷயம் சொல்லுங்க. பழைய கேபினெட்டில் விண்டோஸ் ஸ்டிக்கர் இருக்கிறதா? செத்துப்போன போர்டில் எந்தப் புராசசர்?

மேலூர் ஆய்வகம்

டிரைவர் ஏறாததற்குக் காரணம் எளிது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் டிரைவர் வேலை செய்யாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அதனால் பழைய மென்பொருளுக்கான காம்பேட்டிபிலிட்டி மோடில் எதை மாற்றினாலும் பலன் இல்லை.

நல்ல விண்டோஸ் 7 டிவிடி கிடைத்தாலும் 12ஆம் தலைமுறையில் போட நினைக்க வேண்டாம். இன்டெல் 6ஆம் தலைமுறையோடு அதற்கான ஆதரவு நின்றது. டிவிடியில் யுஎஸ்பி 3 டிரைவர் இல்லாததால் இன்ஸ்டால் தொடங்கியதும் கீபோர்டும் மவுஸும் செத்துவிடும். அதைத் தாண்டினால் கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லை.

கணினியோடு வந்த 11 புரோ உரிமத்தில் 10 புரோவுக்கு இறங்கிக்கொள்ள அனுமதி உண்டு. 10-இல் 32 பிட்டும் உண்டு. ஆனால் இன்றைய போர்டுகளில் விண்டோஸைத் தொடங்கிவைக்கும் யுஇஎஃப்ஐ 64 பிட், அதில் 32 பிட் விண்டோஸ் பூட் ஆகாது. பழைய முறையில் பூட் செய்யும் வசதி பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) இருந்தால்தான் உண்டு, புதிய போர்டுகளில் பெரும்பாலும் அது இல்லை. கணினிக்குள் இன்னொரு கணினிபோல இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் 32 பிட் விண்டோஸைப் போட்டு டாங்கிளை உள்ளே கொடுக்கலாம். அதற்குத் தனி உரிமம் வேண்டும், சில டாங்கிள்கள் விர்ச்சுவல் கணினியை ஏற்காது.

திருமங்கலம் அச்சகம்

தம்பி, ஸ்டிக்கர் இருக்கிறது. அசெம்பிள் செய்தபோது பில்லோடு வாங்கிய விண்டோஸ்தான். ஆனால் கீயில் சில எழுத்துகள் அழிந்துவிட்டன. புராசசர் 2ஆம் தலைமுறை ஐ3. போர்டில்தான் கோளாறு, புராசசரும் ராமும் நன்றாக இருப்பதாகக் கடையில் சொன்னார்கள்.

சிம்மக்கல் சர்வீஸ்

அப்படியென்றால் நீங்கள் விண்டோஸே வாங்க வேண்டாம், அண்ணே. உங்கள் விண்டோஸ் அந்த ஹார்ட் டிஸ்கிலேயே உயிரோடு இருக்கிறது. போர்டை மட்டும் மாற்றுங்கள்.

உங்கள் ஐ3-க்கு எச்61 சிப்செட் போர்டு பொருந்தும். 2ஆம், 3ஆம் தலைமுறை இரண்டையும் அது எடுக்கும், கடைகளில் இன்னும் புதிதாகவே கிடைக்கிறது. பழுதான போர்டை மாற்றினால் உரிமம் போகாது. பழுதில்லாமல் வேறு போர்டுக்கு மாறினால்தான் மைக்ரோசாஃப்ட் அதை வேறு கணினியாகக் கணக்கில் எடுக்கும். பில்லையும் ஸ்டிக்கரையும் பத்திரமாக வையுங்கள்.

அழிந்த கீயைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய டிஸ்கைப் புதுக் கணினியில் மாட்டி, புரொட்யூகீ என்ற இலவச மென்பொருளில் அந்த டிஸ்கின் விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டுங்கள், கீயைப் படித்துச் சொல்லும். ஸ்டிக்கரில் தெரிகிற எழுத்துகளோடு ஒத்துப்பாருங்கள்.

போர்டில் மாட்டுவதற்கு முன் குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளில் டிஸ்கை அப்படியே ஒரு எஸ்எஸ்டிக்கு நகல் எடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க. நகலில் பூட் செய்யுங்கள், மூல டிஸ்க் பீரோவில் இருக்கட்டும்.

திருமங்கலம் அச்சகம்

கீ கிடைத்தது, ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறது. நகலும் எடுத்தாயிற்று. போர்டு மாட்டினோம். விண்டோஸ் லோகோ வருகிறது, உடனே நீலத் திரை மின்னி மறைந்து ரீஸ்டார்ட் ஆகிறது. பிழை எண்ணைப் படிக்கக்கூட நேரமில்லை.

சிம்மக்கல் சர்வீஸ்

ஆன் செய்ததும் எஃப்8 தட்டுங்கள். வருகிற பட்டியலில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரி இருக்கும். நீலத் திரை நிற்கும், எண்ணின் கடைசியைப் பாருங்கள். 7பி என்று முடிந்தால் டிஸ்கைப் படிக்கும் டிரைவர் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அந்தக் காலத்தில் அசெம்பிள் செய்தவர்கள் பலர் பயாஸில் சாட்டா மோடை, அதாவது டிஸ்கோடு பேசும் முறையை, பழைய ஐடிஇ-யில் விட்டுத்தான் விண்டோஸ் போட்டார்கள். புதுப் போர்டு பெரும்பாலும் ஏஎச்சிஐ என்ற புது முறையில் வரும். ஐடிஇ-க்கு மாற்றுங்கள்.

திருமங்கலம் அச்சகம்

7பி-தான்! ஐடிஇ-க்கு மாற்றியதும் பழைய டெஸ்க்டாப் அப்படியே வந்துவிட்டது. 3 நாளுக்குள் ஆக்டிவேட் செய்யச் சொன்னது, கீயைப் போட்டதும் ஏற்றுக்கொண்டது. டாங்கிள் வேலை செய்கிறது. உசிலம்பட்டி கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திறந்தேன், தாய்மாமன் வரிசை ஒரு எழுத்து பிசகாமல் இருக்கிறது. தம்பி, பெரிய உதவி.

வாடிப்பட்டி டீச்சர்

சந்தோஷம் அண்ணா. ஆதரவு முடிந்த விண்டோஸ் என்பதால் இனி அந்தக் கணினியை இணையத்தோடு சேர்க்காதீர்கள். எழுத்துக் கோர்த்து பிடிஎஃப் ஆக்கும் வேலையை மட்டும் அதில் வைத்துக்கொண்டு, வாட்ஸ்ஆப்பில் புரூஃப் அனுப்புவதைப் புதுக் கணினியில் செய்யலாம்.

இன்னொன்று, டாங்கிளும் ஒருநாள் போகும். அதற்கு முன் பெயர்ப் பட்டியல்களை எல்லாக் கணினியிலும் தெரியும் பொது முறையான யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பேஜ்மேக்கரிலிருந்து எழுத்தை டெக்ஸ்ட் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து, என்எச்எம் கன்வர்ட்டர் மென்பொருளில் உங்கள் எழுத்துருவின் குறியாக்கத்தை (எழுத்துகளைச் சேமிக்கும் முறையை) தேர்ந்தெடுத்தால் மாற்றித் தரும். குறியாக்கம் தவறினால் குப்பையாக வரும், சரியானது கிடைக்கும்வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பக்க வடிவமும் வேண்டுமென்றால் அடோபியின் இன்டிசைன் மென்பொருளில் சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் 7 கோப்பைத் திறக்கும். அடிக்கடி வருகிற குடும்பங்களிலிருந்து தொடங்குங்கள்.

திருமங்கலம் அச்சகம்

சரி டீச்சர். முகூர்த்த வேலை குறைந்ததும் ஆரம்பிக்கிறேன். என் கீபோர்டு பழக்கம் பழைய டைப்ரைட்டர் முறை. யூனிகோடில் அப்படி அடிக்க முடியுமா?

வாடிப்பட்டி டீச்சர்

முடியும் அண்ணா. தமிழ் அடிக்கும் என்எச்எம் ரைட்டர் மென்பொருளில் பழைய டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. விரலை மாற்ற வேண்டாம்.

சிம்மக்கல் சர்வீஸ்

அண்ணே, போர்டோடு வந்த, பயாஸ் அமைப்பைக் காப்பாற்றும் சிமோஸ் பேட்டரியை மாற்றி நல்ல 2032 ஒன்று போட்டுவிடுங்கள். பேட்டரி தீர்ந்தால் பயாஸ் பழையபடி ஏஎச்சிஐ-க்குப் போய்விடும், அதே நீலத் திரை வரும். ஐடிஇ என்று ஒரு சீட்டில் எழுதி கேபினெட்டில் ஒட்டி வையுங்கள், கடையில் வேறு யார் இருந்தாலும் சரிசெய்துகொள்வார்கள்.