மென்பொருளுக்குள் ஒரு சின்ன மொழி: நீங்கள் எதை வைத்தீர்கள், ஏன்?

கிருஷ்ணகிரியிலிருந்து:
மாங்கூழ் ஆலைகளுக்கு வே பிரிட்ஜ் (லாரி எடை மேடை) மென்பொருள் எழுதித் தருகிறேன், சி மொழியில். லாரியின் மொத்த எடையில் வெறும் வண்டி எடையைக் கழிப்பது எல்லா ஆலையிலும் ஒன்றுதான். அழுகல் கழிவு அப்படியில்லை. பெங்களூராவுக்கு ஒரு கணக்கு, அல்போன்சாவுக்கு வேறு, அதுவும் சீசன் நடுவிலேயே மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மென்பொருளை மறுபடி கம்பைல் செய்துகொண்டு ஓட முடியாது. அந்தக் கணக்கை மட்டும், கம்பைல் இல்லாமலே திருத்தக்கூடிய ஸ்கிரிப்டாகப் பிரித்தேன்.

பைத்தான்தான் ஆலைப் பையன்களுக்குத் தெரியும். ஆனால் அதன் நூலகங்களையும் கூடவே சுமக்க வேண்டும், ஸ்கிரிப்ட் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்துவதும் கடினம். மற்ற மென்பொருளுக்குள் வைக்க ஏற்ற சின்ன ஸ்கிரிப்ட் மொழியான லுவாவை எடுத்தேன். 1993-ல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், பிரேசில் எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ் பொறியாளர்களின் தேவையை ஒட்டிப் பிறந்தது. நிரலாளர் அல்லாதவரும் மென்பொருளின் நடத்தையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அங்கும் பிரச்சினை. சுத்தமான சி, விற்கும் மென்பொருளிலும் இலவசமாக வைக்க விடும் எம்ஐடி உரிமம், சில நூறு கேபிதான்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. லுவா வெறுங்கையோடு தொடங்கும். எதைக் கொடுக்கிறோமோ அதுதான் அதற்குத் தெரியும். கணிதம், சரம், அட்டவணை நூலகங்களைத் திறந்தேன். கோப்புகளைத் தொடும் ஐஓ, கணினி அமைப்பைத் தொடும் ஓஎஸ் இரண்டையும் திறக்கவில்லை. அடிப்படை நூலகத்தில் இருக்கும், வேறு கோப்பிலிருந்து நிரலை ஏற்றும் டூஃபைல், லோட்ஃபைலையும் நீக்கினேன். ஸ்கிரிப்டை, பிழையைப் பிடித்துத் திருப்பித் தரும் பிகால் வழியாகவே அழைக்கிறேன், பிழை வந்தாலும் சீட்டு அச்சடிப்பு நிற்காது.

எடையைக் கிலோவாகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்ணிலேயே வைத்திருக்கிறேன். லுவா 5.3 பதிப்பிலிருந்து முழு எண்ணுக்குத் தனி வகை உண்டு, இரண்டு சாய்கோடு போட்டால் மிச்சத்தை விட்டுவிட்டு வகுக்கும். ஒரு டன்னுக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று விவசாயி கேட்டால், ஒரு பக்க ஸ்கிரிப்டை வாசித்தே காட்டலாம். அந்த ஒரு காரணம் போதும் எனக்கு.

ஓசூரிலிருந்து:
அண்ணா, முடிவில்லாத லூப்புக்கு என்ன செய்தீர்கள்? நாங்கள் உதிரிபாகச் சோதனை இயந்திரத்துக்கு குவிக்ஜேஎஸ் என்ற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் இயந்திரத்தை வைத்தோம். ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2019-ல் வெளியிட்டது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பழக்கம், வரிசையின் (அர்ரே) எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதும் சி பக்கத்தோடு ஒத்துப்போகிறது. லுவாவில் ஒன்றில் தொடங்கும், சி-க்கும் லுவாவுக்கும் நடுவே தரவு போகும்போது ஒவ்வொரு தடவையும் கவனிக்க வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
கவுண்ட் ஹூக் வைத்திருக்கிறேன், தம்பி. குறிப்பிட்ட எண்ணிக்கைக் கட்டளை ஓடியதும் நம் நிரலுக்குக் கட்டுப்பாடு வரும், அங்கே நிறுத்திவிடலாம். ஒன்று கவனியுங்கள்: சி-யில் எழுதப்பட்ட ஒரு செயற்கூறு உள்ளே நேரம் எடுத்தால் ஹூக் எட்டிப் பார்க்காது. பெரிய சரங்களை உருவாக்கி நினைவகத்தை நிரப்புவதைத் தடுக்க, நினைவக ஒதுக்கீட்டை நானே எழுதி உச்சவரம்பு போட்டேன். சரத் தேடல் நீளமாக ஓடுவதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

தர்மபுரியிலிருந்து:
பட்டுக்கூடு உலர்த்தும் அறைக்கு வெப்பக் கட்டுப்பாடு செய்கிறேன், சின்ன போர்டுகளுக்கான பைத்தானான மைக்ரோபைத்தானில். ஆனால் அங்கே போர்டு முழுக்க அதுதான், உள்ளே உட்கார்ந்த மொழி என்று சொல்ல முடியாது. அடுத்த பதிப்பில் உணரி வாசிப்பு சி-யிலும் வெப்ப அட்டவணை மட்டும் ஸ்கிரிப்டிலும் வரும். லுவாவை வேகமாக ஓட்டும் லுவாஜிட் இருக்காமே, எடுக்கலாமா அண்ணா?

கிருஷ்ணகிரியிலிருந்து:
உங்கள் வேலைக்கு வேகம் தேவையே இல்லை. லுவாஜிட் லுவா 5.1-ஐ ஒட்டியது, 5.3-இன் முழு எண் வகை கிடைக்காது. சாதாரண லுவாவே எடுங்கள். சின்ன போர்டு என்றால் 32 பிட் எண்களோடு கம்பைல் செய்யும் வசதி 5.3-லிருந்தே இருக்கிறது.